எழுத்து எங்கே போயிற்று?

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் மம்சாபுரம் என்னும் பேரூர் இருக்கிறது. நீங்கள் அந்த ஊரில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பெரியப்பா 1998-ஆம் ஆண்டில் ஊர்க் கண்மாய்களைப் பற்றியும் அவற்றின் மடைகளைப் பற்றியும், வயதானவர்கள் சொன்ன செய்திகளை எல்லாம் திரட்டி எழுதினார். அதைக் கணிப்பொறி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து, ஒரு வட்டில் பதிந்தும் வைத்தார். செய்தி சொன்ன பெரியவர்கள் இன்று இல்லை. பெரியப்பாவும் இல்லை. கையெழுத்துப் படியைக் கரையான் தின்றுவிட்டது. வட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கோப்பை இன்று திறக்கிறீர்கள். முதல் வரியில் ‘மம்சாபுரம்’ என்று இருக்க வேண்டும். ஆனால் அங்கே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள்: கே, கே, அரைப்புள்ளி, ஆர், எச், பெரிய ஜி, யு, கே, அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக இப்படியே செல்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று நீங்கள் முடிவு செய்யலாம். பலரும் அப்படித்தான் முடிவு செய்து, இத்தகைய கோப்புகளை அழித்துவிடுகிறார்கள்.

உண்மையில் அந்தக் கோப்பு கெடவில்லை. பெரியப்பா எழுதியதில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் அதற்குள் இருக்கிறது. அது ஏன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை? இதற்கு விடை காண, தமிழ் எழுத்து இயந்திரத்தில் ஏறிய நீண்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அறையும் அச்சும்

அருகிலுள்ள சிவகாசியில் பழைய அச்சுக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு எழுத்துப் பெட்டி நினைவிருக்கும். மரப்பெட்டி ஒன்றில் சிறு சிறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு வகை ஈய எழுத்து கிடக்கும். அச்சுக்கோப்பவர் பெட்டியைப் பாராமலே, எந்த அறையில் எது இருக்கிறது என்று அறிந்து எடுத்து அடுக்குவார்.

கணிப்பொறியும் இதைப் போன்றதே. அதற்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். கோப்பு என்பது, ‘107-ஆம் அறையில் உள்ளதை எடு, பிறகு 59-ஆம் அறையில் உள்ளதை எடு’ என்னும் கட்டளைகளின் வரிசைதான். அந்த அறைகளில் வடிவங்களை இட்டு வைத்திருக்கும் பெட்டியே எழுத்துரு எனப்படுகிறது. எழுத்துருவை மாற்றினால் பெட்டி மாறும். ஆனால் கோப்பில் உள்ள எண்கள் மாறுவதில்லை.

பெரியப்பாவின் கோப்பில் உள்ள எண்கள் இவை: 107, 107, 59, 114, 104, 71, 117, 107, 59. ‘ஆஸ்கி’ என்னும் அமெரிக்க ஒழுங்கின்படி 107-ஆம் அறையில் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்து இருக்கிறது. ஆனால் 1998-இல் தட்டச்சு செய்தவர் பயன்படுத்திய பெட்டியில், அதே 107-ஆம் அறையில் ‘ம’ இருந்தது. 59-இல் புள்ளி, 114-இல் ச, 104-இல் கால், 71-இல் பு, 117-இல் ர. இப்போது வரிசையைக் கூட்டிப் பாருங்கள். ம, ம, புள்ளி, ச, கால், பு, ர, ம, புள்ளி. ஊர்ப்பெயர் வந்துவிட்டதல்லவா?

நீங்கள் இப்போது செய்ததே இந்தக் கட்டுரையின் சாரம். சிக்கல் எழுத்தில் இல்லை. பெட்டி மாறிப்போனதில் இருக்கிறது. இனி, ஒரே மொழிக்கு இத்தனை பெட்டிகள் வந்தது எப்படி என்று பார்ப்போம்.

எழுத்து இல்லாத அச்சகம்

1554-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஒரு சிறு சமய நூல் அச்சாயிற்று. அதன் மொழி தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. லிஸ்பனில் தமிழ் அச்செழுத்து இல்லாததால், இருந்த எழுத்தைக் கொண்டே தமிழை எழுதினார்கள். நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1990-களில் மின்னஞ்சல் எழுதிய தமிழர்களும் இதையேதான் செய்தார்கள். எழுத்து கிடைக்காதபோது மனிதன் காணும் முதல் வழி இரவல் எழுத்துத்தான்.

அடுத்த வழி, சொந்தமாக அச்சு வார்த்துக்கொள்வது. அண்ட்ரிக் அடிகளார் எனப்படும் என்ரீகே என்ரீகஸ் என்னும் பாதிரியாரின் முயற்சியால், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியாயிற்று. தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சேறிய அந்த நூல் பதினாறு பக்கங்கள் கொண்டது. 1577-இல் கோவாவில் வார்த்த எழுத்துக்கள் ஒரு வகை, 1578-இல் கொல்லத்தில் வார்த்தவை மற்றொரு வகை என இரண்டு வகை எழுத்துக்களை அந்நூலில் காணலாம். முதல் நூலிலேயே இரண்டு எழுத்துருக்கள்!

பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் கப்பலில் வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு பெரிய நூல் அச்சிடக் காகிதம் கட்டுபடியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. ‘புதிய ஏற்பாடு’ முழுவதும் 1715-இல் அச்சாகி முடிந்தது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரு வசதியைக் கவனியுங்கள். எந்த அச்சகம் எந்தப் பெட்டியைப் பயன்படுத்தினாலும் வாசகனுக்கு வந்து சேர்ந்தது காகிதம். காகிதத்தில் எண் இல்லை, வடிவமே இருந்தது. ஆகவே அறை மாறினாலும் வாசகனுக்கு ஒரு குறையும் இல்லை. அச்சகத்தின் பெட்டி அச்சகத்தோடு நின்றது.

யளனக பாதமட

தமிழில் எழுத்துக்கள் 247 என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் 247 தனி வடிவங்கள் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, தமக்கென வடிவம் கொண்ட உகர ஊகார எழுத்துக்கள் 36, இவற்றோடு புள்ளி, கால், கொம்பு முதலிய ஏழு குறிகள், டி, டீ என்னும் இரண்டு தனி வடிவங்கள். மொத்தம் 76. இதைக் கொண்டு மற்றவற்றைக் கூட்டி எழுதிவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது இந்தக் கணக்குத்தான் உதவிற்று. புள்ளிக்கு உரிய விசையை அழுத்தினால் காகிதம் நகராமல் நிற்கும். அதனால் புள்ளியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூடத் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. ‘யளனக பாதமட’ என்று நடுவரிசை விசைகளைத் தட்டிப் பழகிய தலைமுறைகள் உண்டு.

வடிவங்களைக் குறைக்கும் முயற்சி எழுத்துச் சீர்திருத்தமாகவும் வந்தது. பெரியார் 1935-ஆம் ஆண்டு முதல் ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார். தமிழக அரசு 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் ஆணை பிறப்பித்து அவற்றை ஏற்றது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்னும் பதின்மூன்று எழுத்துக்களும் மற்ற எழுத்துக்களைப் போலக் காலும் கொம்பும் பெற்றன. அச்சுப் பெட்டியில் சில அறைகள் மிச்சமாயின. சில ஆண்டுகளில் வரவிருந்த கணிப்பொறித் தமிழுக்கும் இது துணையாயிற்று.

ஆளுக்கொரு பெட்டி

1980-களில் தனியாள் கணிப்பொறிகள் பரவின. அவற்றில் 256 அறைகள் இருந்தன. முதல் 128 அறைகளை ஆஸ்கி ஒழுங்கின்படி ஆங்கில எழுத்துக்களும் எண்களும் கட்டளைக் குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128-இல் ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துக்கள் இருந்தன. தமிழுக்கு இடம் இல்லை.

இடம் இல்லையென்றால் இருப்பவரை எழுப்பிவிட்டு உட்கார வேண்டியதுதானே! தமிழ் ஆர்வலர்கள் அதைத்தான் செய்தார்கள். கனடாவில் கி. சீனிவாசன் ‘ஆதமி’யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ 1985-இல் வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ அமைப்பை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1990-களின் தொடக்கத்தில் ‘மயிலை’ எழுத்துருவை அளித்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் ‘பாமினி’ பரவியது. இவற்றைத் தவிர, அச்சு வேலைக்காக விற்பனையான எழுத்துருத் தொகுதிகளும் பல.

பெரியப்பாவின் கோப்பு பாமினியில் இருக்கிறது. அதன் ஒழுங்கு தற்செயலாக வந்ததன்று. விசைப்பலகையின் நடுவரிசையில் இடமிருந்து வலமாகப் பாருங்கள்: ய, ள, ன, க, ப, கால், த, ம, ட. அதே ‘யளனக பாதமட’! தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல், கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. மேலும், அந்நாளைய மின்னஞ்சல் வழிகள் சில, 128-க்கு மேற்பட்ட எண்களைச் சிதைத்துவிடும். பாமினி பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களின் அறைகளையே பயன்படுத்தியதால் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் ஒரு பெரிய மாற்றத்தை யாரும் உடனே உணரவில்லை. இப்போது வாசகனுக்குப் போய்ச் சேர்ந்தது காகிதம் அன்று, எண்களின் வரிசை. பெட்டி அனுப்பியவரின் வீட்டிலேயே நின்றுவிட்டது! மதுரையில் ஒரு பெட்டி, கொழும்பில் வேறொன்று, டொராண்டோவில் மற்றொன்று. கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்ப மறந்தால் கடிதம் புதிராயிற்று.

பொதுப் பெட்டி

1997-இல் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. அதையொட்டி, பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் இணையம் வழியாகவே விவாதித்துத் ‘திஸ்கி’ என்னும் பொதுத் தகுதரத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ நடந்தது. அதன் பயனாக, ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத ‘டேப்’, அழகிய அச்சுக்காகத் தமிழுக்கு மட்டுமான ‘டாம்’ என இரு தகுதரங்களும், ‘தமிழ்99’ விசைப்பலகையும் வந்தன.

ஒன்று வேண்டிய இடத்தில் மூன்று! என்றாலும், நூற்றுக்கணக்கான பெட்டிகள் மூன்றாகச் சுருங்கியது முன்னேற்றமே. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் பணி அது. முதலில் மயிலை முதலிய எழுத்துருக்களில், பிறகு திஸ்கியில், பின்னர் ஒருங்குறியில் என, பெட்டி மாறும்போதெல்லாம் நூல்களையும் மாற்றினார்கள். அதனால்தான் அவற்றை இன்றும் படிக்க முடிகிறது. மாற்ற ஆள் இல்லாத கோப்புகள் அப்படியே நின்றுவிட்டன.

எல்லார்க்கும் ஓர் எண்

இதற்கிடையில் உலகம் வேறொரு வழியைக் கண்டிருந்தது. 256 அறைக்குள் அடித்துக்கொள்வானேன்? உலகின் எல்லா எழுத்துக்களுக்கும் வெவ்வேறு எண்ணைத் தந்துவிட்டால் போதுமே! இந்த எண்ணத்தில் பிறந்த ‘யூனிக்கோடு’ என்னும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 72 நிரம்பியுள்ளன. 2990 என்றால் ‘ம’. உலகில் எந்தக் கணிப்பொறியிலும் அது ‘ம’ மட்டுமே. ஆங்கிலக் ‘கே’ ஆகாது. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை.

இந்த ஏற்பாட்டில் மம்சாபுரத்தின் எண்கள் இவை: 2990, 2990, 3021, 2970, 3006, 2986, 3009, 2992, 2990, 3021. ஆறெழுத்துப் பெயருக்குப் பத்து எண்கள். ‘பு’ என்பதற்குப் பாமினியில் ஓர் அறை. இங்கே ப, உகரக் குறி என இரண்டு. ஒருங்குறி ஒலி முறைப்படி எழுதுகிறது, வடிவத்தைப் பார்ப்பதில்லை. ‘செய்தி’ என்று எழுதினால் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு ச. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ஒருங்குறியில் முதலில் ச, பிறகு கொம்பு. நாக்குச் சொல்லும் வரிசை இது. கொம்பை இடப்பக்கம் கொண்டு வந்து நிறுத்துவதும், பகரத்தோடு உகரத்தைச் சேர்த்துப் ‘பு’ என்று வரைவதும் மென்பொருளின் வேலை. 2000-ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000 இயக்கமுறைமையில் ‘லதா’ எழுத்துருவோடு இந்தத் திறன் வந்தது. அச்சுப் பக்கம் அமைக்க உதவிய ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளோ கடைசிப் பதிப்பு வரை இதைக் கற்கவில்லை. அதனால்தான் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் நெடுநாள் நீடித்தன.

இந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வகுத்த ‘இஸ்கி’ என்னும் இந்தியத் தகுதரத்தைப் பின்பற்றியதால், தமிழின் அகர வரிசை அதில் சிதறிவிட்டது. ‘ன’ 2985, ‘ர’ 2992. எண் வரிசைப்படி மட்டும் அடுக்கினால் ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் வரும். நம் அகராதியில் ‘மரம்’ முன், ‘மனம்’ பின். இதைச் சரிசெய்யத் தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது.

கற்பனை மொழிகளும் நம் தமிழும்

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் வந்ததன்று. மனிதர்கள் தாமே திட்டமிட்டு ஆக்கிய மொழிகளும் இதே வழியில் நடந்திருக்கின்றன. சாமன்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் 1887-இல் ‘எஸ்பெராண்டோ’ மொழியை வெளியிட்டார். அதில் குறியிட்ட எழுத்துக்கள் ஆறு. அச்சகங்களில் அவை இல்லையென்றால் எழுத்துக்குப் பின்னே ‘எச்’ சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரே வழி சொன்னார். 1988-இல்தான் ஒரு பன்னாட்டுத் தகுதரத்தில் அந்த ஆறுக்கும் இடம் கிடைத்தது.

‘ஸ்டார் டிரெக்’ திரைப்படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் ஆக்கிய கிளிங்கன் மொழியின் கதை வேறு. அதன் எழுத்தை ஒருங்குறியில் சேர்க்க விண்ணப்பித்தார்கள். 2001-இல் அது மறுக்கப்பட்டது. அம்மொழியை எழுதுவோர் பெரும்பாலும் உரோமன் எழுத்தையே பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியக் காரணம். இத்தகையோருக்காக ஒருங்குறியில் 57344 முதல் 63743 வரை 6400 இடங்கள் ‘தனிப் பயன்பாட்டுப் பகுதி’ என்று விடப்பட்டுள்ளன. ஊர்ப் பொது மந்தை போன்ற இடம் அது. யார் வேண்டுமானாலும் எதையும் கட்டிக்கொள்ளலாம். யாருக்கும் பட்டா கிடையாது. ஒரே எண்ணில் ஒருவர் கிளிங்கன் எழுத்தை வைப்பார், இன்னொருவர் டோல்கின் கதைகளில் வரும் ‘தெங்வார்’ எழுத்தை வைப்பார். உரிய எழுத்துரு உடன் இல்லாவிட்டால் பெரியப்பாவின் கோப்புக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும்.

புதிதாக ஆக்கிய எழுத்து என்பதால் மட்டும் ஒருங்குறி ஒதுக்கிவிடுவதில்லை. சந்தாலி மொழிக்காகப் பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் ‘ஒல் சிக்கி’ எழுத்தை உருவாக்கினார். மக்கள் அதில் படித்தார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள். 2008-இல் அது ஒருங்குறியில் சேர்ந்தது. மதுரையில் வாழும் சௌராஷ்டிர மக்களின் எழுத்தும் அதே ஆண்டில் சேர்ந்தது. வழக்கில் இருக்கிறதா என்பதே கேள்வி.

தமிழும் அந்தப் பொது மந்தையில் ஒரு வீடு கட்டியிருக்கிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற கருத்தில் ‘டேஸ்-16’ என்னும் முறை உருவாயிற்று. அதில் மம்சாபுரத்துக்கு ஆறே எண்கள். எழுத்துக்கு ஓர் எண்! கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில், தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16-ஐயும் தகுதரங்களாக அறிவித்தது. கணக்கில் சிக்கனமானது; அகர வரிசையும் பிசகாது. ஆனால் அது நிற்பது தனிப் பயன்பாட்டுப் பகுதியில். அந்த ஏற்பாட்டை அறியாத கணிப்பொறிக்கு அதுவும் வெறும் கட்டங்களே. ஆகவே பொதுப் புழக்கத்தில் ஒருங்குறியே வென்றது.

குறி பார்த்து நோய் அறிதல்

இந்த வரலாற்றை அறிந்த நீங்கள் இனி எந்தக் கோப்பையும் வைத்தியர் நாடி பார்ப்பது போலப் பார்க்கலாம்.

1. பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள், இடையிடையே அரைப்புள்ளிகள் தெரிந்தால்: இது பழைய எழுத்துருவில் எழுதியது. எண்கள் நலமாக உள்ளன. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, மாற்றி மென்பொருளில் கொடுத்தால் ஒருங்குறிக்கு வந்துவிடும். இத்தகைய மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால்: எண் சரி, வடிவம் கொண்ட எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லை. எழுத்துருவை நிறுவினால் போதும்.

3. தலையில் சாய்கோடு சுமந்த ஆங்கிலச் சிறிய ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மீண்டும் மீண்டும் வந்தால்: இது ஒருங்குறித் தமிழ்தான். யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று சிற்றெண்களாகச் சேமிக்கப்படுகிறது. ‘ம’ என்பது 224, 174, 174. அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துக்களாக மென்பொருள் தவறாகப் படித்திருக்கிறது. யு.டி.எஃப்-8 என்று குறிப்பிட்டு மறுபடி திறந்தால் சரியாகும்.

4. கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் நின்றாலோ, புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தோன்றினாலோ: பழைய மென்பொருளாயின் அதற்கு வடிவம் சேர்க்கும் திறன் இல்லை. புதிய மென்பொருளாயின் தட்டச்சில் பிழை. மெய் இல்லாமல் குறி மட்டும் விழுந்திருக்கிறது.

5. கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை என்றால்: வேடம் போட்ட எழுத்து உள்ளே இருக்கிறது. காலுக்குப் பதில் ‘ர’, ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும், ‘எ’ என்பதற்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண். கண் ஏமாறும், 2958-ம் 3053-ம் ஒன்றென்று கணிப்பொறி ஒருபோதும் ஏமாறாது.

6. வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால்: இதுவே அபாயக் குறி. தமிழுக்கு இடம் இல்லாத முறையில் யாரோ கோப்பைச் சேமித்துவிட்டார்கள். ஒவ்வோர் எழுத்தும் 63 என்னும் ஒரே எண்ணாகிவிட்டது. மீட்க வழியில்லை. மூலப் படியைத் தேட வேண்டியதுதான்.

முதல் ஐந்தும் தீரும் நோய்கள். ஆறாவது மரணம். பெரும்பாலும் முதல் ஐந்தில் ஒன்றை ‘சரிசெய்யப்’ போய்த்தான் ஆறாவது நேர்கிறது. ஆகவே ஒரு விதியை மறவாதீர்கள். பழைய கோப்பைத் தொடுமுன் படி ஒன்று எடுங்கள். வேலையைப் படியில் செய்யுங்கள். மூலத்தின் மேல் எதையும் சேமிக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

1980-களின் இறுதி முதல் 2000-களின் நடுப்பகுதி வரை தமிழில் தட்டச்சு செய்யப்பட்டவை ஏராளம். சிற்றிதழ்கள், ஆய்வேடுகள், கோயில் திருப்பணி மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், குடும்ப வரலாறுகள், ஊர்க் கணக்குகள். பனையோலையில் இருந்தால் எண்ணெய் பூசிக் காப்பாற்றலாம் என்று நமக்குத் தெரியும். வட்டில் இருப்பதைக் காப்பாற்ற, அது எந்தப் பெட்டியில் எழுதப்பட்டது என்ற ஒரு சிறு செய்தி போதும். அந்தச் செய்தியை அறிந்தவர்கள் அன்று தட்டச்சு செய்தவர்கள். அவர்களில் பலர் இன்றும் உங்கள் கடைவீதியில் இருக்கக்கூடும். அடுத்த முறை சந்திக்கும்போது, ‘அண்ணே, அப்போது எந்த எழுத்துருவில் அடித்தீர்கள்?’ என்று கேட்டு, விடையை வட்டின் உறையில் எழுதி வையுங்கள்.

இனி பெரியப்பாவின் கோப்புக்கு வருவோம். படி எடுத்தீர்கள். பாமினி என்று அறிந்தீர்கள். மாற்றியில் இட்டு விசையை அழுத்தினீர்கள். ‘மம்சாபுரம்’ என்று முதல் வரி வந்து நிற்கிறது. கீழே கண்மாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. எந்த மடையில் யாருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று, மறைந்த பெரியவர்கள் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. ஒருங்குறியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு படியைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள். 1578-ஆம் ஆண்டின் காகிதத்தைப் படிக்க நமக்கு எந்த எழுத்துருவும் தேவைப்படவில்லை அல்லவா?